அழுக்கு எதுக்கு சாமி?

யாராவது "என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்டா "டிசைனர்"னு சொல்லி நிறுத்திக்கறது என் வழக்கம். அதுக்கு மேல விளக்கம் சொல்றது எங்க வீட்டம்மா தான். "கம்ப்யூட்டர்ல சுத்தபத்தமா ஒரு படம் வரைவார். முடிச்சதும் அது மேல அழுக்கைப் பூசுவார். அழுக்குக்குத் தனியா காசு வாங்குவாங்க." மிசிசாகாவுல இருக்கற எல்லா தமிழ்க் குடும்பத்துக்கும் இந்நேரம் இது தெரிஞ்சிருக்கும் :-)

கிண்டலா சொன்னாலும் அதுல பொய் இல்லைங்க. காப்பிப் பொட்டலம், ஊறுகாய் பாட்டில், பிஸ்கட் டப்பா, இதுகளுக்கு மேலட்டை வரையறது என் பொழப்பு. வர்ற வாடிக்கையாளர்ல பாதிப்பேர் கேக்கறது ஒரே வரி தான். கையால செஞ்ச மாதிரி இருக்கணும். பாட்டி வீட்டுல இருந்து வந்த மாதிரி இருக்கணும். சரக்கு வர்றது என்னமோ பெரிய ஃபாக்டரியில இருந்து, அது வேற விஷயம்.

இந்த அழுக்கை ஏன் தனியா பூச வேண்டியிருக்குன்னு முதல்ல சொல்லிடறேன். இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா மாதிரி மென்பொருள்ல நாம வரையற கோடு நெஜத்துல கோடே இல்லை. சில புள்ளிகள், அதுகளுக்கு நடுவுல எப்படி வளையணும்னு ஒரு கணக்கு. அவ்வளவுதான். அந்தக் கணக்கு கார் கம்பெனிகள்ல பொறந்தது. பிரான்ஸ்ல சிட்ரோயன்ல இருந்த பால் த காஸ்தெல்ஜோ 1959-லயும், ரெனோவுல இருந்த பியர் பெசியே 1960-கள்லயும், கார் உடம்பு வளைவைக் கணக்காக் குறிக்க வழி கண்டுபிடிச்சாங்க. 1987-ல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் அந்த வளைவைத்தான் நம்ம கையில பேனாவாக் குடுத்தது. கார் கதவுக்கு மேடு பள்ளம் ஆகாதில்லையா? அதனால இந்தப் பேனா போட்ட கோட்டுல நடுக்கம் இருக்காது, பிசிறு இருக்காது, மை தீராது. தபால் தலை அளவுல வரைஞ்சதை லாரி அளவுக்குப் பெருக்கினாலும் ஓரம் கத்தி மாதிரியே நிக்கும். நல்லது தான். ஆனா அதைப் பாத்தா மனுசன் வரைஞ்ச மாதிரி தெரியாது.

நான் முதல்ல கத்துக்கிட்டது கோரல் டிரா. 1999-ல் பொள்ளாச்சியில, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு டிடிபி சென்டர். காலையில கோவிந்தாபுரத்துல பஸ் ஏறினா, வழியெல்லாம் தென்னந்தோப்பு பாத்துக்கிட்டே போயிடலாம். கல்யாணப் பத்திரிகை, ரசீது புக், கண்ணீர் அஞ்சலி, எல்லாமே கோரல்ல தான். அந்த மென்பொருள் 1989-ல் ஒட்டாவாவுல உண்டானது. இப்ப நான் இருக்கற எடத்துல இருந்து காருல அஞ்சு மணி நேரம். பொள்ளாச்சிச் சந்துல உக்காந்து பழகினப்ப ஒட்டாவான்னு ஒரு ஊர் இருக்கறதே எனக்குத் தெரியாது.

எங்க ஊரைத் தெரியாதவங்களுக்கு: பொள்ளாச்சியில இருந்து கொல்லங்கோடு, நெம்மாறை வழியா திருச்சூர் போற ரோட்டுல, தமிழ்நாடு முடிஞ்சு கேரளா ஆரம்பிக்கற எடம். முதலமடை பஞ்சாயத்து, பாலக்காடு ஜில்லா. தெக்கால பாத்தா நெல்லியாம்பதி மலை. வீட்டுல பேசறது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். 2017-ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரி செக்போஸ்டை எடுக்கற வரைக்கும் ராத்திரி பூரா லாரி வரிசை நிக்கும். நிக்கற லாரிக்காரங்களுக்கு டீ வேணும், பஞ்சர் ஒட்டணும், அப்புறம் பெயின்ட்டரும் வேணும்.

அந்தப் பெயின்ட்டர் எங்க பெரியப்பா.

லாரி நெத்தியில சாமி பேரு, பின்னால "ஒலி எழுப்பவும்", கதவுல முதலாளி விலாசம், சுத்துவட்டாரத்துக் கடை போர்டு, ரெண்டு பக்கத்துக் கட்சிக்கும் சுவர் எழுத்து, எல்லாம் அவர் கை தான். சித்தூர் தாலுக்கா கள்ளுக்குப் பேர் போனது. அங்க இருந்து தான் கேரளாவுல பல ஜில்லாவுக்குக் கள்ளு போகுது. கறுப்புப் பலகையில வெள்ளை எழுத்துல கள்ளுன்னு மலையாளத்துல எழுதற கள்ளுக்கடை போர்டு எத்தனை எழுதியிருப்பார்னு அவருக்கே கணக்குத் தெரியாது. ஆனா ஒரு சொட்டு குடிக்க மாட்டார். "கை நடுங்குச்சுன்னா சோறு போச்சு"ன்னு சொல்லுவார்.

சின்ன வயசுல பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கிட்டு அவர் பின்னால போனதுண்டு. சுவத்துக்கு முதல்ல சுண்ணாம்பு ரெண்டு கை. சாக்பீஸ் தூள் தடவின நூலை ரெண்டு ஆணிக்கு நடுவுல இழுத்துக் கட்டி ஒரு சுண்டு சுண்டினா நேர்கோடு விழும். ஒரு குச்சி நுனியில துணியைப் பந்தாச் சுத்தி, அதைச் சுவத்துல ஊணி, அது மேல வலது மணிக்கட்டை வெச்சுக்குவார். இடது கையில எனாமல் டப்பா. 'ழ'வோட வாலை ஒரே இழுப்புல இழுப்பார். நடுவுல மூச்சு விட மாட்டார், பக்கத்துல நிக்கற நாங்களும் விட மாட்டோம்.

கூலி எழுத்துக் கணக்கு. இதுல ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்ல 'கோவிந்தாபுரம்' ஏழு எழுத்து. மலையாளத்துல அஞ்சே எழுத்து தான். 'ந்தா' ஒரே கூட்டெழுத்தாப் போயிடும், கடைசி 'ம்' ஒரு சின்ன வட்டமாச் சுருங்கிடும். அதனால தமிழ் போர்டுன்னா பெரியப்பாவுக்கு ரெண்டு எழுத்துக் கூலி லாபம். 'கோ'வுக்குக் கொம்பு ஒண்ணு கால் ஒண்ணு இருக்கேன்னு ஒன்றரைக் கூலி கேட்டுப் பாத்திருக்கார். யாரும் குடுத்ததில்லை.

அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. 2000-களோட நடுவுல, ரெண்டு மூணு வருசத்துக்குள்ள, போர்டு எழுதற வேலை பாதிக்கு மேல போச்சு. அந்த ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் எதுல டிசைன் பண்ணினாங்க? கோரல் டிராவுல. நான் எதைக் கத்துக்கிட்டு வெளிநாடு வந்தேனோ, அதே சாமான் தான். பெரியப்பா இதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியம்மா தான் ஒரு தடவை, சோறு போட்டுக்கிட்டே, "உன்ற தொழில் நல்லா இருக்குது கண்ணு, உங்க பெரியப்பனுது தான் போச்சு"ன்னாங்க. கோவமா சொல்லலை. ரசம் வேணுமான்னு கேக்கற அதே குரல். 2019-ல் கேரள அரசு பிவிசி ஃப்ளெக்ஸுக்குத் தடை போட்டப்ப கொஞ்சம் சுவர் வேலை திரும்பி வந்தது. ஆனா அதுக்குள்ள அவர் கையில நடுக்கம் வந்திருச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன நவம்பர்ல என் மாமன் மகன் கூப்பிட்டான். முதலமடையில மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்து நடத்தறவன். இந்தியாவுலயே மொதல்ல மாம்பழம் சந்தைக்கு வர்ற ஊர்கள்ல முதலமடை ஒண்ணு. மத்த ஊர்ல பூ நிக்கறப்பவே இங்க காய் பறிச்சு டெல்லிக்கும் பம்பாய்க்கும் லாரி ஏத்திடுவாங்க. இந்த முந்தல் தான் இவங்க லாபமே. சமீப வருசங்கள்ல காலம் தப்பின மழையும் இலைப்பேனும் சேந்து பூவையே கருக்கி, நிறையப் பேர் கடன்ல நிக்கறாங்க. இவனும் தான். இந்தத் தடவை மண்டிக்குப் போடாம, நல்ல அல்போன்சாவையும் செந்தூரத்தையும் பொறுக்கி, சின்னப் பெட்டியில நேரா வீடுகளுக்கு அனுப்பப் போறேன்னான்.

"மாப்ளே, பெட்டிக்கு ஒரு டிசைன் போட்டுக் குடு. புதுசா எதுவும் வேண்டாம். பழைய மண்டிச் சுவத்துல பெரியப்பா எழுதுனது இருக்குதல்ல, அதே எழுத்து வேணும். பொங்கலுக்குள்ள அந்தச் சுவத்தை இடிக்கறாங்க."

'கோவிந்தாபுரம் மாங்காய் மண்டி'. சிவப்பு எழுத்து, மஞ்ச நெழல். பெரியப்பா எழுதினதுல இன்னும் நிக்கறது அது ஒண்ணு தான்னு நினைக்கறேன். கள்ளுக்கடை போர்டெல்லாம் மேல மேல பூசிட்டாங்க. லாரி எல்லாம் எந்தப் பழைய இரும்புக் கடையிலயோ.

வாட்ஸ்அப்ல போட்டோ வந்தது. அமுக்கி அனுப்பின படம், எழுத்து ஓரமெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது. ஆனா எழுத்தோட எலும்பு தெரியுதே, அது போதும். ஒவ்வொரு எழுத்தையும் பேனா டூல்ல கையாலயே மேல வரைஞ்சேன். இமேஜ் ட்ரேஸ்னு ஒரு வசதி இருக்கு, படத்தைக் குடுத்தா அதுவே கோடாக்கித் தரும். 2005-ல் லைவ் ட்ரேஸ்னு வந்து 2012-ல் பேர் மாறினது. மங்கின படத்தைக் குடுத்தா அது கறையையும் எழுத்தையும் ஒண்ணாத்தான் பாக்கும். எழுத்தோட வால் எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

மூணு ராத்திரி ஆச்சு. முடிச்சுப் பாத்தா, அழகா இருக்கு, செத்தும் இருக்கு. கார் கதவு மாதிரி.

சரி, சுவர் வேணும். இந்தத் தொழில்ல இல்லாதவங்களுக்கும் பயன்படும், கொஞ்சம் பொறுமையாப் படிங்க. இல்லஸ்ட்ரேட்டர்ல எஃபெக்ட் மெனுவுல கிரெய்ன்னு ஒண்ணு இருக்கு, மணல் தூவின மாதிரி காட்டும். வசதியானது, ஆனா நான் நம்பறதில்லை. அது கோடு இல்லை, புள்ளிப்படம். டாக்குமென்ட்டுக்கு எத்தனை ரெசல்யூஷன் வெச்சிருக்கோமோ அதுக்கேத்த மாதிரி பிறக்கும். 72-ல வெச்சுப் பாத்தா பெரிய பெரிய மணல். அச்சுக்காக 300-க்கு மாத்தினா அதே மணல் மாவாயிடும். திரையில பாத்து ஆசைப்பட்டது வேற, தாள்ல வர்றது வேற. ரஃபன்னு இன்னொண்ணு, ஓரத்தைப் பிசிறாக்கும். பிசிறு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி வந்து ரம்பப் பல் ஆயிடும். இணையத்துல காசுக்குக் கிடைக்கற டெக்ஸ்சர் படங்கள் நல்லாத்தான் இருக்கும், ஆனா அது எந்த ஊர்ச் சுவரோ. கான்கிரீட் சொரசொரப்பும் சுண்ணாம்புச் சொரசொரப்பும் ஒண்ணில்லைங்க. (இந்தச் செத்த வழவழப்பு எல்லாருக்கும் உறுத்தினது தான். 'டிரான்' படத்துக்கு 1980-களோட ஆரம்பத்துல வேலை பாத்த கென் பெர்லின், கம்ப்யூட்டர் படம் மெஷின் மாதிரி இருக்குன்னு சலிச்சுப் போய் தான் ஒழுங்கில்லாத ஒழுங்கு ஒண்ணைக் கணக்காப் போட்டார். அதுக்கு 1997-ல் ஆஸ்கர் அகாடமியோட தொழில்நுட்ப விருது குடுத்தாங்க. இலவசமாக் கிடைக்கற இங்க்ஸ்கேப்ல இருக்கற டர்புலன்ஸ் எஃபெக்ட் அந்தக் கணக்கு தான்.)

எனக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்துல காசு மேல தாளை வெச்சு பென்சிலால உரைப்போமே, பத்துப் பைசா அப்படியே நோட்டுல விழுமே, ஞாபகம் இருக்கா? மாக்ஸ் எர்ன்ஸ்டுன்னு ஜெர்மன் ஓவியர் 1925-ல் மரத்தரை மேல தாளை வெச்சு இதையே செஞ்சு அதை ஒரு கலையா ஆக்கிட்டார். மச்சான் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. அவகிட்ட வீடியோ கால்ல சொன்னேன். மெல்லிசுத் தாள், கறுப்பு மெழுகுக் குச்சி, மண்டிச் சுவர். ஒரு சாயங்காலம் பூரா உக்காந்து எட்டுத் தாள் உரைச்சுக் குடுத்தா. சுண்ணாம்பு உரிஞ்ச எடம், விரிசல், எனாமல் தடிப்பா நின்ன ஓரம், எல்லாம் அசல் அளவுல விழுந்திருந்தது. எந்தக் கேமராவும் அதைக் குடுத்திருக்காது.

அதை கொல்லங்கோட்டுல ஒரு கடையில 600 ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணி அனுப்பினாங்க. ஒரு ஏ-4 தாளுக்கு சுமார் மூணரைக் கோடிப் புள்ளி. இங்க ஒரு தொழில் ரகசியம்: அதைச் சாம்பல் படமா வெச்சுக்காதீங்க. கறுப்பு, வெள்ளை ரெண்டே நெறமுள்ள பிட்மேப் டிஃப் ஆக்கிடுங்க. புள்ளிக்கு ஒரு பிட் தான், நாலரை மெகாபைட்டுக்குள்ள அடங்கிடும். இல்லஸ்ட்ரேட்டர்ல கொண்டு வந்து வெச்சா வெள்ளை எல்லாம் கண்ணாடி மாதிரி மறைஞ்சு போகும், கறுப்புக்கு நமக்கு வேணுங்கற நெறம் குடுத்துக்கலாம். எழுத்துக்குள்ள சுண்ணாம்பு எட்டிப் பாக்கணும்னா ஒபாசிட்டி மாஸ்க். அதுல வெள்ளை இருக்கற எடம் தெரியும், கறுப்பு இருக்கற எடம் மறையும். எழுத்துல ஒரு கோட்டைக்கூட வெட்ட வேண்டியதில்லை. மாஸ்க்கை எடுத்துட்டா எழுத்து பழையபடி முழுசா நிக்கும். இந்தக் கடைசி விஷயம் தான் பின்னால உதவிச்சு.

உரைச்ச தாளை எழுத்துல மாஸ்க்கா வெச்சப்ப, அந்தச் சுவர் மிசிசாகாவுல என் மேசை மேல எந்திரிச்சு நின்ன மாதிரி இருந்தது. பொய் சொல்லலை, தொண்டை அடைச்சது. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க கிண்டல் பண்ணலை.

மறுநாள் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். வீடியோ கால். மச்சான் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான், பெரியப்பா கண்ணாடியை ஏத்தி எறக்கிப் பாக்கறார்.

"எழுத்து நம்ம எழுத்து தான். வால் நல்லா இழுத்திருக்கே." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஆனா இந்த அழுக்கு எதுக்கு சாமி?"

"பழசா தெரியறதுக்குங்க பெரியப்பா. அந்தச் சுவர் மாதிரி."

"சுவரு அப்படி ஆனது கடைக்காரன் திரும்பப் பூச காசில்லாம உட்டது. நாஞ் செஞ்சதில்லையே அது. இந்தச் சொறி வந்துரக் கூடாதுன்னு தானே ரெண்டு கை சுண்ணாம்பு, ரெண்டு கை எனாமல், வெயில்ல காய உட்டு... அம்பது வருசம் அதுக்குத் தானே பாடுபட்டேன். அதைப் போய் நீ மெனக்கெட்டு எழுதியிருக்கே."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. எங்க தொழில்ல இதுக்குப் பெரிய பெரிய வார்த்தை எல்லாம் உண்டு. ஒண்ணும் வாயில வரலை. ஒரு பக்கம் அவர் சொல்றது நியாயம். அவர் ஏணியில இருந்து எறங்கி நின்னு பாத்தப்ப அந்த எழுத்து பளபளன்னு, ஓரம் கத்தி மாதிரி தான் இருந்திருக்கும். அவர் மனசுல இருக்கற எழுத்து என் வெக்டர் எழுத்து தான். இன்னொரு பக்கம், நானும் மச்சானும் பொறந்ததுல இருந்து பாத்தது வெளுத்த எழுத்து. பெட்டி வாங்கப் போறவங்களுக்கும் அது தான் ஊர். அதைத் தொடைச்சுட்டா எந்த ஊர் பெட்டியோ ஆயிடும்னு தான் நான் இன்னமும் சொல்லுவேன்.

அவர் அதோட விடலை. தாளைக் கிட்ட கொண்டு வரச் சொல்லி, ஒரு வாத்தியார் மாதிரி பேச ஆரம்பிச்சார். அந்தச் சுவரு மேக்கால பாத்தது. ஆடிக் காத்துல மழை சாஞ்சு அடிக்கும், அதனால உரியறது மேல இருந்து கீழ, சாய்வாத் தான் இருக்கும். வெயில்ல மொதல்ல வெளுக்கறது சிவப்பு. மஞ்ச நிக்கும், கறுப்பு எல்லாத்துக்கும் மேல நிக்கும். எழுத்து ஆரம்பிக்கற எடத்துல பெயின்ட் தடிப்பு, அது உரியாது. வால் முடியற எடத்துல மெல்லிசு, அது தான் மொதல்ல போகும். நான் இருபது வருசமா அழுக்கு பூசறேன், எந்தப் புத்தகத்துலயும் இதைப் படிச்சதில்லை. அப்பவே நோட்டை எடுத்து எழுதிக்கிட்டேன்.

கடைசியில முடிவைப் பாதி அச்சுக்காரர் எடுத்தார்னு சொல்லணும். நெளியட்டைப் பெட்டியில அடிக்கறது ஃப்ளெக்ஸோ அச்சு. ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி மெத்துன்னு ஒரு பிளேட், தண்ணி மை. பழுப்பு அட்டை மையை உறிஞ்சும், மெல்லிசுப் புள்ளி எல்லாம் ஊதிப் போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எழுத்துக்குள்ள பொடிப்பொடியாத் துளை வெச்சா அடைச்சுக்கும்னு அவர் கையை விரிச்சுட்டார். அதனால எழுத்து மேல இருந்த மாஸ்க்கை எடுத்தேன். பெரியப்பா எழுத்து சுத்தமா, அவர் எறங்கி நின்னு பாத்த மாதிரி நிக்குது. சொரசொரப்பை எல்லாம் எழுத்துக்குப் பின்னால இருக்கற சுவர் நெறத்துக்கு மாத்தி, பொடிப் புள்ளியை நீக்கி, பெரிய உரிசலை மட்டும் விட்டேன், சாய்வா, மேக்கு மழை அடிச்ச கணக்குல.

ஜனவரி மொத வாரம் பெட்டி வந்தது. அதே வாரம் சுவரை இடிச்சாங்க. மச்சான் ரெண்டு போட்டோவையும் ஒண்ணா அனுப்பினான். பெட்டியில மஞ்ச நெறம் ஒரு நூல் விலகித்தான் விழுந்திருக்கு, ஆனா பாக்க வலிக்கலை. பூ இந்தத் தடவை பரவாயில்லைன்னான். கடன் அடையுமான்னு நான் கேக்கலை, அவனும் சொல்லலை.

பெரியப்பாவுக்கு ஒரு பெட்டியைக் கையில குடுத்திருக்காங்க. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, விரல் விட்டு எண்ணினாராம். கோவிந்தாபுரம் ஏழு, மாங்காய் நாலு, மண்டி மூணு. மொத்தம் பதினாலு எழுத்து, ஒரு பெட்டிக்கு நாலு பக்கம். "மொத்தம் எத்தனை பெட்டி அடிச்சே?"ன்னு மச்சான்கிட்ட கேட்டாராம். அவன் சொல்லியிருக்கான். கொஞ்ச நேரம் மனசுக்குள்ள பெருக்கிப் பாத்துட்டு, 'கோ'வுக்கு இந்தத் தடவையாவது ஒன்றரையாப் போடச் சொல்லியிருக்கார்.